அம்புக்கு முன் வரும் அறிவிப்பு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 168 பேர் பங்கேற்ற ஒரு மருந்துச் சோதனையின் முடிவு 1999இல் வெளியானது. சோதிக்கப்பட்ட மருந்தின் பெயர் லெனர்செப்ட். இந்த நோயில் உடலின் நோயெதிர்ப்புப் படை தன் வீட்டையே தாக்குகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளின் மேலுறையான மைலினை அது உரித்துவிடுகிறது. உறை உரிந்த இடத்தில் நரம்புச் சேதி தட்டுத்தடுமாறும். ஒருவருக்குப் பார்வை மங்கும். இன்னொருவருக்குக் கால் மரத்து நடை தள்ளாடும். நோய் சில வாரங்களில் தணிந்து, பிறகு ஒருநாள் சொல்லாமல் திரும்பி வரும்.

மருந்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. இறந்துபோன நோயாளிகளின் மூளையில், உறை உரிந்த திட்டுகளில், டிஎன்எஃப் என்ற மூலக்கூறு காணப்பட்டது. நோய் முற்றியவர்களின் மூளைத் தண்டுவட நீரிலும் அது இருந்தது. இதை ஒத்த நோயைச் சுண்டெலிகளுக்கு உண்டாக்கி டிஎன்எஃப்பைத் தடுத்தபோது நோய் தலைகாட்டவில்லை. எனவே டிஎன்எஃப்பைப் பிடித்துக் கட்டிவிட்டால் நோய் அடங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. லெனர்செப்ட் அந்தக் கட்டும் வேலையைத்தான் செய்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றினார்கள்.

நடந்தது நேர்மாறு. வெற்று மருந்து பெற்றவர்களைவிட லெனர்செப்ட் பெற்றவர்களுக்கு நோய் அதிகமாக மீண்டது, விரைவாகவும் மீண்டது. குற்றவாளி என்று கட்டிப்போடப்பட்ட மூலக்கூறு, நரம்புக்கு ஏதோ ஒரு நன்மையையும் செய்துவந்திருக்கிறது.

அந்த நன்மை என்ன என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. நோயெதிர்ப்பு மூலக்கூறுகளை ஆயுதங்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றில் பல, அடிப்படையில், ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதிகள். சேதியின் விளைவு அதைக் கேட்பவரையும், கேட்கும் காலத்தையும், கேட்டபின் செய்ய முடிந்ததையும் பொறுத்தது. இதை மறந்தால் நல்ல மருத்துவமும் வழி தவறும் என்பதற்கு அந்த 168 பேரின் அனுபவம் சாட்சி.

பெயரிலேயே கொலை

டிஎன்எஃப் என்பது 'கட்டியைச் சாகடிக்கும் காரணி' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். அந்தப் பெயருக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. 1891இல் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளுக்கு வேண்டுமென்றே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை ஊசியில் செலுத்தினார். கடும் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்குக் கட்டி கரைந்ததை அவர் கண்டிருந்தார். பாக்டீரியா நேராகக் கட்டியைக் கொன்றதா, காய்ச்சலின்போது உடலே சுரந்த ஏதோ ஒன்று கொன்றதா என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 1975இல் நியூயார்க்கில் லாய்ட் ஓல்டின் குழு விடை கண்டது. பிசிஜி கிருமி ஏற்றப்பட்ட சுண்டெலிகளுக்குப் பாக்டீரிய நச்சைக் கொடுத்தபோது, அவற்றின் இரத்த நீரில் கட்டியைச் சாகடிக்கும் ஒரு பொருள் தோன்றியது. அதற்கு இட்ட பெயர்தான் இன்றுவரை நிற்கிறது.

1985இல் அதே மூலக்கூறுக்கு இன்னொரு கெட்ட பெயரும் சேர்ந்தது. நீண்டகாலத் தொற்றில் உடலை உருக்கி எலும்பும் தோலுமாக்கும் 'கேக்கெக்டின்' என்ற பொருளைப் புரூஸ் பாய்ட்லரும் அந்தோணி செராமியும் தேடிவந்தார்கள். கடைசியில் பார்த்தால் கேக்கெக்டினும் டிஎன்எஃப்பும் ஒன்றே. புற்றுநோய் மருந்தாக இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தபோது இரத்த அழுத்தம் சரிந்து நோயாளிகள் தத்தளித்தார்கள். கட்டியைக் கொல்வது, உடலை உருக்குவது, அதிர்ச்சியில் தள்ளுவது என்று குற்றப்பட்டியல் நீண்டது. இந்த மூலக்கூறு எதையாவது காக்கும் என்று அப்போது சொல்லியிருந்தால் நம்புவது கடினம்.

எரிதலின் புகை

அது எதிலிருந்து காக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூளை நம் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே போகிறது. நரம்புச் செல் ஒவ்வொரு சேதியை அனுப்பியபின்பும், உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றி, வெளியே போன பொட்டாசியத்தை உள்ளே இழுக்க வேண்டும். இந்த ஓயாத இறைப்புக்கு வேண்டிய ஆற்றலை மைட்டோகாண்ட்ரியாக்கள் தருகின்றன. உணவிலிருந்து கழன்ற எலக்ட்ரான்கள் அங்கே படிப்படியாகக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகின்றன.

அடுப்பு எரிந்தால் புகையும் வரும். கைமாறும் எலக்ட்ரான்களில் சில வழியிலேயே நழுவி ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்கின்றன. ஓர் எலக்ட்ரான் கூடிப்போன அந்த ஆக்சிஜனே சூப்பர்ஆக்சைடு. நைட்ரிக் ஆக்சைடைச் சந்தித்தால் அது பெராக்சிநைட்ரைட் என்ற கொடிய பொருளாகிறது. மாற்றப்பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. அந்தப் பெராக்சைடு, இரும்பு அயனியின் பக்கத்தில் சிக்கினால், கைக்கு எட்டிய எதையும் அரிக்கும் ஹைட்ராக்சில் அணுத்தொகுதியாக உடைகிறது.

இந்தச் சேதத்துக்கு நரம்புச் செல் எளிதில் இரையாகக் காரணங்கள் பல. அதன் சவ்வு, ஆக்சிஜன் எளிதில் கவ்வும் கொழுப்பமிலங்கள் நிறைந்தது. பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி மூளையில் குறைவு. இரும்பு தாராளமாக இருக்கும் பகுதிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தோல் செல் செத்தால் இன்னொன்று பிறக்கும். முதிர்ந்த நரம்புச் செல் பெரும்பாலும் பிரிந்து பெருகாது. பிறந்தபோது வந்த செல்லே எண்பது வயதிலும் வேலை செய்ய வேண்டும். பார்க்கின்சன், அல்சைமர், பக்கவாதம் என்று பெயர் வேறாயினும், ஆக்சிஜனேற்றச் சேதத்தின் தடம் எல்லாவற்றிலும் தென்படுகிறது.

உடலிடம் இதற்கு மாற்று உண்டு. 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியைக் கண்டறிந்தார்கள். இரண்டு சூப்பர்ஆக்சைடுகளைப் பிடித்து, ஒன்றை ஆக்சிஜனாகவும் மற்றதை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றிவிடுவது அதன் வேலை. அந்தப் பெராக்சைடைக் குளுட்டாதயோன் சார்ந்த நொதிகள் நீராக்கிவிடும். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்றே இந்த நொதியின் தனி வடிவம் ஒன்று உண்டு. அதன் நடுவில் மாங்கனீஸ் அணு இருக்கும். அந்த வடிவம் எவ்வளவு இன்றியமையாதது என்பது 1995இல் தெரிந்தது. அதற்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகள் இதயம் வீங்கிப் பிறந்த பத்து நாளுக்குள் இறந்தன. வேறொரு ஆய்வுக்கூடத்தின் குட்டிகள் சற்று அதிகம் தாக்குப்பிடித்து, நரம்புச் செல்கள் சிதைந்து, மூன்று வாரத்துக்குள் மாண்டன.

ஒரே சேதியில் இரண்டு ஆணைகள்

இந்த இரண்டு கதைகளும் 1988இல் சந்தித்தன. கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் கிரேஸ் வாங், டேவிட் கோடல் இருவரும் டிஎன்எஃப் பட்ட செல்கள் புதிதாக எந்த மரபணுக்களை இயக்குகின்றன என்று தேடினார்கள். கிடைத்த விடை அவர்கள் தேடிய கொலைக்கருவியாக இல்லை. மாங்கனீஸ் வடிவ டிஸ்மியூட்டேஸின் மரபணு விறுவிறுவென இயங்கத் தொடங்கியது. மற்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளின் மரபணுக்கள் அப்படி அசையவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் காவலுக்குரிய நொதியை மட்டும் தேர்ந்தெடுத்து எழுப்பியது, கொலைகாரன் என்று பெயரெடுத்த மூலக்கூறு.

அடுத்த ஆண்டு அவர்கள் செய்த சோதனை இன்னும் தெளிவானது. பெரும்பாலான செல்களை டிஎன்எஃப் கொல்வதில்லை. ஆனால் புதிய புரதம் எதையும் செய்ய முடியாதபடி ஒரு மருந்தால் செல்லின் கையைக் கட்டிவிட்டு டிஎன்எஃப்பைக் கொடுத்தால் செல் செத்துவிடும். அந்த நிலையிலும், மாங்கனீஸ் நொதியை முன்கூட்டியே மிகுதியாகச் செய்துவைத்திருந்த செல்கள் பிழைத்தன. அந்த நொதி உருவாகாமல் தடுக்கப்பட்ட செல்களோ, கை கட்டப்படாத நிலையிலும் டிஎன்எஃப்புக்குப் பலியாயின.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். டிஎன்எஃப் ஒரே நேரத்தில் இரண்டு ஆணைகளைச் செல்லுக்குள் இடுகிறது. ஒன்று சாவுக்கான ஆணை. மற்றொன்று காவலை எழுப்பும் ஆணை. முந்தையதைச் செயல்படுத்தும் கருவிகள் செல்லுக்குள் தயாராக இருக்கின்றன. பிந்தையதற்குப் புதிய புரதங்களைச் செய்ய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரம் கிடைத்த செல் முன்பைவிட வலுவாக நிற்கும். கிடைக்காத செல் மடியும்.

காவல் ஆணையைச் செல்லின் கருவுக்குள் கொண்டுசெல்லும் தூதன் என்எஃப்-கப்பா பி என்ற புரதம். 1986இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில் ரஞ்சன் சென் அதைக் கண்டறிந்தார். சாதாரண வேளையில் அது ஐ-கப்பா பி என்ற இன்னொரு புரதத்தின் பிடியில், கருவுக்கு வெளியே கிடக்கும். டிஎன்எஃப் செல்லின் வாசலில் வந்து தட்டியதும் அந்தப் பிடி சிதைக்கப்படும். விடுபட்ட தூதன் கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குவான். 1996இல் இந்தத் தூதனை முடக்கிப் பார்த்தார்கள். முன்பு டிஎன்எஃப்பைச் சட்டை செய்யாத செல்கள் இப்போது கூட்டமாகச் செத்தன.

தட்டில் நடந்த சோதனை

இவையெல்லாம் சாதாரண செல்களில் கண்டவை. நரம்புச் செல்லில் இதே கணக்கு செல்லுமா என்று கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் மார்க் மாட்சனின் குழு 1990களில் ஆராய்ந்தது.

சோதனையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எலிக் கருவின் மூளையிலிருந்து, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்துச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஊட்ட நீர் உள்ள தட்டில் வளர்க்கிறார்கள். சில நாட்களில் செல்கள் கிளைவிட்டு ஒன்றையொன்று தொடுகின்றன. ஒரு தட்டில் டிஎன்எஃப் சில துளிகள். மற்றதில் வெறும் ஊட்ட நீர். ஒருநாள் காத்திருக்கிறார்கள். பிறகு இரண்டிலும் ஒரே கொடுமையைச் செய்கிறார்கள்: குளுக்கோஸை எடுத்துவிடுவது, அளவு மீறிக் குளுட்டமேட் கொடுப்பது, அல்லது அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டாவை ஊற்றுவது. செல்லுக்குள் பெராக்சைடு சேர்ந்தால் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்று உண்டு. அதை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் நடக்கும் எரிதல் கண்ணுக்கே தெரியும்.

1994இலும் 1995இலும் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டின. முன்னதாக டிஎன்எஃப்பைக் கண்டிருந்த நரம்புச் செல்கள் அதிக எண்ணிக்கையில் பிழைத்தன. அவற்றுக்குள் பெராக்சைடும் குறைவாகச் சேர்ந்தது. செல்லைக் கொல்லும் கால்சிய வெள்ளமும் அடங்கியிருந்தது. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கால்பைண்டின் என்ற புரதம் கூடியிருந்தது. என்எஃப்-கப்பா பி வகைத் தூதன் விழித்திருந்தான். இந்தத் தூதனே காரணமா என்று உறுதிசெய்ய, டிஎன்எஃப் இல்லாமலேயே, அவனைப் பிடித்துவைக்கும் ஐ-கப்பா பி உருவாகாமல் தடுத்தார்கள். அப்போதும் செல்கள் காக்கப்பட்டன.

தட்டில் கண்டது உயிருள்ள மூளையில் நிற்குமா? 1996இல் அதே குழுவினர், டிஎன்எஃப்பைக் கேட்கும் இரு வகை ஏற்பிகளும் இல்லாத சுண்டெலிகளைச் சோதித்தார்கள். டிஎன்எஃப் கெடுதல் மட்டுமே செய்வதானால், அதைக் கேட்கவே முடியாத இந்தச் சுண்டெலிகளுக்குப் பக்கவாதத்தில் சேதம் குறைந்திருக்க வேண்டும். சேதம் கூடியிருந்தது. வலிப்பூட்டும் நச்சிலும் நரம்புச் செல்கள் அதிகம் மாண்டன. ஆக்சிஜனேற்றச் சேதம் ஏறியிருந்தது. எதிர்ப்பு நொதிகள் இறங்கியிருந்தன. சேதியைக் கேட்காத மூளை, காவலை எழுப்பாமலே இருந்துவிட்டது.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு?

ஆக்சிஜனேற்றம் செல்லுக்குத் தானாக நேரும் விபத்து மட்டுமன்று. நோயெதிர்ப்புச் செல்கள் அதை ஆயுதமாகவே பயன்படுத்துகின்றன. இரத்த வெள்ளணுவும், மூளையில் குடியிருக்கும் மைக்ரோகிளியாவும், கிருமியைக் கண்டதும் சூப்பர்ஆக்சைடைப் பீய்ச்சுகின்றன. அந்த நெருப்புக்குக் கிருமி, நரம்புச் செல் என்ற பாகுபாடு தெரியாது. பக்கத்தில் இருப்பதெல்லாம் வேகும்.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதியின் போர்முறையைப் போற்றுகிறார். அவன் எடுத்த எடுப்பில் அம்பு விடுவதில்லை. பசுக்களுக்கும் பார்ப்பனருக்கும் பெண்டிருக்கும் பிணியாளருக்கும் பிள்ளை பெறாதவருக்கும் 'அம்பு வரப்போகிறது, அரணைச் சேருங்கள்' என்று முன்கூட்டி அறிவித்துவிட்டே போரைத் தொடங்குகிறான். மைக்ரோகிளியா டிஎன்எஃப்பை வெளியிடுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நெருப்பைக் கக்கும் அதே செல், அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பையும் அனுப்புகிறது. கேட்ட நரம்புச் செல் தன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் காவல் நொதியை நிரப்புகிறது. அரணுக்குள் போய்விட்ட செல்லை அம்பு தொடுவது கடினம்.

இந்தப் படம் இன்னொன்றையும் விளக்குகிறது. அறிவிப்பு எல்லாக் காலத்திலும் ஒரே பயனைத் தராது. அம்புக்கு முன் வந்தால் அது காப்பு. அம்போடு சேர்ந்து வந்தால் அது கூச்சல். ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் ஊரே நிம்மதி இழக்கும்.

முன்னும் பின்னும்

1990இல் ஜப்பானின் ஒசாகாவில் செய்த ஒரு சோதனை இதற்குத் துணை நிற்கிறது. ஜெர்பில் என்ற பாலைவனக் கொறிணியின் மூளைக்கு இரத்தத்தை ஐந்து நிமிடம் நிறுத்தினால், சில நாட்களில் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதி முழுவதும் மாண்டுபோகும். அதற்கு முந்திய நாட்களில் இரண்டு இரண்டு நிமிடம் மட்டும் நிறுத்திப் பழக்கியிருந்தால், அதே ஐந்து நிமிடத்தை அந்தச் செல்கள் தாங்கிக்கொள்கின்றன. சிறு துன்பம் பெருந்துன்பத்துக்குத் தயார்செய்கிறது. இந்தத் தாங்குதிறன் உடனே வருவதில்லை. ஓரிரு நாள் எடுக்கும். புதிய புரதங்கள் உருவாகத் தேவையான காலம் அது. சிறு துன்பத்துக்குப் பதிலாக முன்கூட்டியே டிஎன்எஃப்பைக் கொடுத்துச் சுண்டெலிகளில் பக்கவாதச் சேதத்தைக் குறைக்கலாம் என்று 1997இல் ஒரு குழு காட்டியது.

அதே ஆண்டு வெளிவந்த வேறொரு ஆய்வு எதிர்ப்பக்கம் நின்றது. அதில், எலி மூளைக்குள் ஏற்றிய டிஎன்எஃப் பக்கவாதச் சேதத்தைக் கூட்டியது. டிஎன்எஃப்பைத் தடுத்தது சேதத்தைக் குறைத்தது. இரு குழுவும் கவனமாகவே வேலை செய்தன. விலங்கு வேறு, அளவு வேறு, மூளையின் அப்போதைய நிலை வேறு. ஒரே மூலக்கூறு எதிரெதிர் விளைவு தந்ததை முரண்பாடு என்று ஒதுக்காமல், நிபந்தனைகளைத் தேடியவர்களுக்கே அடுத்த கதவு திறந்தது.

கதவு என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்லலாம். டிஎன்எஃப் செல்லுக்குள் பேச இரண்டு ஏற்பிகள் உள்ளன. முதலாம் ஏற்பியின் உட்புற முனையில், சாவுக்கான ஆணையைத் தொடங்கும் பகுதி ஒன்று உண்டு. இரண்டாம் ஏற்பியில் அது இல்லை. 2002இல் சுண்டெலியின் விழித்திரையில் இரத்தத்தை நிறுத்திச் செய்த ஆய்வு, இந்த வேறுபாட்டின் விளைவைத் துல்லியமாகக் காட்டியது. முதலாம் ஏற்பி இல்லாத விலங்கில் நரம்புச் சேதம் வெகுவாகக் குறைந்தது. இரண்டாம் ஏற்பி இல்லாததில் சேதம் கூடியது. டிஎன்எஃப்பே அறவே இல்லாத விலங்கிலோ, மொத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. கடைசியதை மட்டும் பார்த்தவர் 'இந்த மூலக்கூறுக்கு இங்கே வேலையே இல்லை' என்று எழுதியிருப்பார். உண்மையில் எதிரெதிராக இழுத்த இரண்டு வலிய கைகள் ஒன்றையொன்று ஈடுகட்டியிருந்தன.

டிஎன்எஃப்பும் இரு வடிவில் இருக்கிறது. பிறந்த செல்லின் சவ்விலேயே நட்டுநிற்பது ஒன்று; வெட்டப்பட்டுக் கரைந்து திரிவது மற்றொன்று. கரைந்தது முதலாம் ஏற்பியை எளிதில் இயக்கும். சவ்வில் நிற்பது இரண்டாம் ஏற்பியை நன்றாக இயக்கும். லெனர்செப்ட் புதிர் இங்கே அவிழத் தொடங்குகிறது. உரிந்த மைலினை மறுபடி போர்த்தும் இளம் செல்கள் பெருகுவதற்கு இரண்டாம் ஏற்பி வழியே வரும் டிஎன்எஃப் சேதி தேவை என்று 2001இல் சுண்டெலிகளில் தெரிந்தது. லெனர்செப்ட் இரண்டு வடிவங்களையும் பாகுபாடின்றிக் கட்டியது. அம்புகள் வந்துகொண்டிருக்க, அறிவிப்பையும் பழுதுபார்ப்பையும் சேர்த்து அது நிறுத்தியிருக்கக்கூடும். 2011இல் மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரைந்த டிஎன்எஃப்பை மட்டும் தடுக்கும் ஒரு மாற்றுப் புரதத்தைச் சுண்டெலிகளில் சோதித்தார்கள். நோய் தணிந்தது, நரம்பிழைகள் காக்கப்பட்டன, மைலினும் திரும்பியது. இரண்டையும் தடுக்கும் மருந்து அந்த நன்மையைத் தரவில்லை.

அண்டை வீட்டின் உதவி

நரம்புச் செல் தனியாக வாழ்வதில்லை. நட்சத்திர வடிவில் கைவிரித்து அதைச் சூழ்ந்திருக்கும் அஸ்ட்ரோசைட்டுகள் அதன் அண்டை வீட்டார். ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் குளுட்டாதயோனைச் செய்ய நரம்புச் செல்லுக்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் அஸ்ட்ரோசைட்டையே அது நம்பியிருக்கிறது. அஸ்ட்ரோசைட் தான் செய்த குளுட்டாதயோனை வெளியே விட, அது உடைந்து கிடைக்கும் சரக்கை நரம்புச் செல் உள்ளே வாங்கித் தனக்கானதைச் செய்துகொள்கிறது. பார்க்கின்சன் நோயில் செல்கள் பெருமளவில் சாகும் கருந்திட்டுப் பகுதியில் இந்தக் குளுட்டாதயோன் கணிசமாகக் குறைந்திருப்பதைப் பிணக்கூறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இங்கேயும் ஒரு நோயெதிர்ப்புச் சேதி வந்து நிற்கிறது. காய்ச்சலைக் கிளப்பும் மூலக்கூறு என்று நாம் அறிந்த இன்டர்லூகின்-1 பீட்டா, அஸ்ட்ரோசைட்டின் மீது, சிஸ்டீனின் இணை வடிவமான சிஸ்டினை வாங்கும் வாயில்களைக் கூட்டுகிறது. அதன் குளுட்டாதயோன் உற்பத்தி பெருகி, ஆக்சிஜனேற்றத் தாக்குதலைத் தாங்கும் வலுவும் அதற்குக் கூடுகிறது. தூதன் இங்கும் அதே என்எஃப்-கப்பா பி. ஆனால் இந்த வாயிலுக்கு ஒரு விலை உண்டு: ஒரு சிஸ்டின் உள்ளே வர, ஒரு குளுட்டமேட் வெளியே போக வேண்டும். குளுட்டமேட் அளவு மீறினால் நரம்புச் செல்லுக்கு அதுவே நஞ்சு. வளமான காலத்தில் காப்பாகும் ஏற்பாடு, இரத்தம் நின்ற மூளையில் சுமையாகிவிடலாம்.

வெளியிலிருந்து ஊற்றுவதும் உள்ளிருந்து எழுவதும்

ஆக்சிஜனேற்றம் கெடுதல் என்றால், அதை எதிர்க்கும் மருந்தை நேராகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் இருந்த 800 பேர் பங்கேற்ற டேட்டாடாப் சோதனையில் வைட்டமின் ஈ நாளொன்றுக்கு 2000 அலகு கொடுக்கப்பட்டது. 1993இல் வந்த முடிவு, பலன் இல்லை என்றது. பக்கவாதத்துக்கு என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்தை மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2007இல் வெளியிட்ட முடிவும் அதுவே. தோல்விகளுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இடம் சார்ந்தது என்று நினைக்கிறேன். சூப்பர்ஆக்சைடு பிறப்பது மைட்டோகாண்ட்ரியாவுக்குள். நொடிக்கும் குறைவான நேரத்தில் அது தன் வேலையை முடித்துவிடும். விழுங்கிய வைட்டமின், சரியான அறையில், சரியான கணத்தில், போதிய அளவில் இருப்பது அரிது. டிஎன்எஃப் சேதி எழுப்பும் நொதியோ அந்த அறையிலேயே நிற்கும். தேய்ந்து தீராமல், மூலக்கூறு மூலக்கூறாகப் பிடித்து மாற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியென்றால் காக்கும் சேதியையே மருந்தாக ஏற்றலாமா? அதிலும் பாடம் இருக்கிறது. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின், டிஎன்எஃப்பைப் போன்ற சேதி மூலக்கூறுகளான சைட்டோகைன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டிலும் எலியிலும் நரம்புச் செல்களை அழகாகக் காத்தது. ஜெர்மனியில் பக்கவாத நோயாளிகள் 522 பேரிடம் சோதித்து 2009இல் வெளியிட்டபோது, மருந்து பெற்றவர்களில் 16.4 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள்; வெற்று மருந்துக் குழுவில் அது 9 விழுக்காடு. ஒரு செல்லுக்குக் காப்பான சேதி, உடல் முழுவதும் ஒலிக்கும்போது வேறு செவிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே, இன்றைய தேடல் நுட்பமானது. டிஎன்எஃப்பை முழுதாகக் கட்டாமல் கரைந்த வடிவத்தை மட்டும் தடுப்பது, முதலாம் ஏற்பியை மட்டும் மூடுவது, இரண்டாம் ஏற்பியை மட்டும் தட்டி எழுப்புவது என்று அது போகிறது. கூச்சலை அடக்கி அறிவிப்பை மட்டும் விட்டுவைக்கும் முயற்சி இது. மனிதரில் இது வெல்லுமா என்பதைச் சோதனைகளே சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி சரியான இடத்துக்கு வந்திருக்கிறது.

மருத்துவர் கேட்கும் கேள்வி

டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகள் இன்று முடக்குவாதத்திலும், முதுகெலும்பு இறுகும் நோயிலும், குடல் அழற்சியிலும், சொரியாசிஸிலும் ஏராளமானோரை எழுந்து நடக்கவைக்கின்றன. இன்ஃப்ளிக்ஸிமாப், எட்டனர்செப்ட், அடாலிமுமாப் ஆகிய பெயர்கள் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் மருத்துவச் சீட்டுகளில் இருக்கின்றன. மூட்டில் டிஎன்எஃப் ஓயாத கூச்சலாகிவிட்டபோது அதை அடக்குவது பெரும் நன்மை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தம் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

அந்த மருந்தைத் தொடங்கும் முன் மருத்துவர் இரண்டு காரியங்களில் கவனமாக இருப்பார். காசநோய் உள்ளே உறங்குகிறதா என்று பரிசோதிப்பார். நுரையீரலில் அந்தக் கிருமியைச் சுற்றி வளைத்துச் சிறைவைத்திருப்பதில் டிஎன்எஃப்புக்குப் பெரும்பங்கு உண்டு, அதை எடுத்தால் சிறை திறந்துகொள்ளும். பிறகு நரம்பு பற்றிக் கேட்பார்: ஒரு கண்ணில் பார்வை மங்கியதுண்டா? கை கால் வாரக்கணக்கில் மரத்துப்போனதுண்டா? வீட்டில் யாருக்கேனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உண்டா?

அரை நிமிடத்தில் முடிந்துவிடும் கேள்விகள். மூட்டு வலிக்கு வந்தவரிடம் கண்ணைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று நோயாளிக்குப் புரியாமலும் இருக்கலாம். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால், நன்மையை நம்பித் தங்கள் உடலைக் கொடுத்து, நோய் கூடித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். டிஎன்எஃப்பின் பெயரில் கொலை இருக்கிறது, வேலையில் காவலும் இருக்கிறது என்பதை மருத்துவம் அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டது.